பங்குக் கிணற்றடியில் செயற்கை அறிவு

சேசு மரி சூசை துணை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
7.11.1982

அன்புள்ள பெறாமகன் கிறிஸ்தோபருக்கு உன் பெரியப்பா நிக்கலஸ் எழுதிக்கொள்வது.

கடிதத்தை நலத்தோடு தொடங்குவதுதான் முறை என்பதால், மாதாவின் கிருபையால் இங்கே யாவரும் நலம் என்று முதலில் எழுதி வைக்கிறேன். மிச்சத்தை வாசித்த பிறகு அதை நீயே திருத்திக்கொள். உன் பெரியம்மா மக்டலினுக்கு முழங்காலில் வாதம். உன் அம்மா மரியமலருக்கு என்னோடு கோபம், நேற்றிரவிலிருந்து கொஞ்சம் குறைவு. எனக்கு வருத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, இந்த இரண்டு பேரோடும் ஒரே வீட்டில் இருப்பதைத் தவிர. ஸ்கொட்லாந்தில் குளிர் கடுமை என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு போ. பெரியம்மா பின்னி அனுப்பிய தொப்பியைப் போட வெட்கமென்றால், அதைப் போட்டு அதற்கு மேல் வேறொன்றைப் போடு.

உன் கடிதத்தில் இரண்டு சங்கதி இருந்தது. முதலாவது ஒரு கேள்வி: 'பெரியப்பா, இங்கே பேப்பரில் வருகிறதைப் பார்த்தால் ஊர் நிலைமை எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவை என்னோடு கூப்பிட்டு வைத்திருக்கட்டோ, அல்லது அங்கே உங்களோடேயே இருக்கட்டோ? அம்மாவைக் கேட்டால் வேறு கதைக்குப் போய்விடுகிறா. நீங்கள் முடிவெடுத்துச் சொன்னால் டிக்கெற் அனுப்புகிறேன்.' இரண்டாவது, அப்படி என்னதான் படிக்கிறாய் என்று நான் கேட்டிருந்ததற்கு நீ எழுதிய பதில். கேள்வி ஐந்து வரி, பதில் ஐந்து பக்கம். அதற்குச் செயற்கை அறிவு என்று பெயர் என்றும், மனிசன் மூளையால் செய்கிற வேலையை மெஷினைக் கொண்டு செய்விக்கிற படிப்பு என்றும், அதற்கு முக்கியமாக மூன்று வழி உண்டு என்றும், மூன்று வழிக்காரரும் பிரிந்து நின்று ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். இதை வாசித்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரே நோக்கத்துக்கு மூன்று கட்சி வைத்துச் சண்டை பிடிப்பதில் எங்களுக்கு வெள்ளைக்காரன் புதிதாகச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

நான் துறைமுகச் சிக்னல் கோபுரத்தில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவன் என்பது உனக்குத் தெரியும். காற்று எழும்ப முன்னம் கொடி ஏற வேண்டும், கொடி ஏறினால் வள்ளம் இறங்கக் கூடாது. அப்படி வாழ்ந்த எனக்கு, எழுபத்தேழு ஆவணியில் ஒரு கொடியும் ஏறாமல் வந்த அந்தக் கலவர நாளை இன்னும் மறக்க ஏலவில்லை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் உன் அப்பா பேணாட் இன்றைக்கு இந்த விறாந்தையில் இருந்து என்னோடு வாதாடிக்கொண்டிருப்பார். ஆகவே உன் முதலாவது சங்கதிக்கு இரண்டாவது சங்கதியை வைத்தே பதில் கண்டுபிடிப்பது என்று தீர்மானித்தேன். மெஷின் இல்லாவிட்டால் என்ன, மனிசர் இருக்கிறோம். அந்தத் தீர்மானத்தால் வந்ததைத்தான் இனி எழுதப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் படிப்பில் ஒரு சோதனை இருக்கிறதாமே: தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பது மனிசனா மெஷினா என்று தெரியாமல் இந்தப் பக்கத்தில் இருந்து கதை கொடுக்க வேண்டும், வித்தியாசம் பிடிபடாவிட்டால் மெஷினுக்கும் அறிவு உண்டென்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்று. இதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உது பாவசங்கீர்த்தனத் தொட்டியெல்லே" என்றா. யோசித்தால் சரிதான். சனிக்கிழமை சனிக்கிழமை முழந்தாளில் நின்று தட்டிக்கு அந்தப் பக்கத்தோடு கதைக்கிறோம், என்ன பாவத்தைச் சொன்னாலும் மூன்று அருள்நிறை மந்திரம் என்றுதான் பதில் வருகிறது. உன் சோதனையை வைத்தால் எங்கள் பங்குச் சுவாமியார் பாஸ் பண்ணுவாரோ தெரியாது. இதை அவருக்கு எழுதிவிடாதே.

சரி, முதலாவது வழி. அது சட்டம் போடுகிற வழி. ஒரு கெட்டிக்காரனைப் பிடித்து, அவன் மண்டைக்குள் இருக்கிறதை 'இப்படியென்றால் இப்படி' என்று துண்டு துண்டாகக் கறந்து மெஷினுக்குக் கொடுத்தால் அதுவும் அவனைப் போலவே முடிவெடுக்கும், அங்கே டொக்டர்மாரின் மூளையை அப்படி இறக்கி வைத்திருக்கிறார்கள் என்றாய். கலவரத்துக்கு எங்கே டொக்டர்? அம்பத்தெட்டையும் எழுபத்தேழையும் தாண்டி இன்னும் மூச்சு விடுகிற எவரும் கெட்டிக்காரர்தான் என்று வைத்துக்கொண்டு, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த என் கூட்டாளி தம்பிராசாவிடமும், வாசலுக்கு மரக்கறி கொண்டுவருகிற கனகம்மாவிடமும் கேட்டேன். "றோட்டில சத்தம் கூடினால் கவனமா இருக்க வேணும்" என்றார் தம்பிராசா. "சத்தம் கூடினால் அது எலெக்சன் ஐயா. சத்தம் இல்லாட்டித்தான் ஓட வேணும்" என்றாள் கனகம்மா. இரண்டையும் சேர்த்தால் இருபத்துநாலு மணித்தியாலமும் ஓட்டம்தான். ஆனாலும் நான் விடவில்லை. பாண்காரன் வராவிட்டால் ஒரு சந்தேகம், கடைகள் பாதிக் கதவு போட்டால் இன்னொரு சந்தேகம், கண்டி பஸ் வராவிட்டால் பெரிய சந்தேகம், மூன்றும் ஒரே நாளில் என்றால் யோசிக்காமல் மாதா கோயிலுக்கு ஓடு என்று முடிந்தது. பாண் சட்டத்துக்கு மட்டும் நானே ஒரு வால் வைத்தேன். பாண் வராவிட்டால் பாண் தேடி ஒருவரும் வெளியே போகக் கூடாது. அது எங்கேயிருந்து வந்த சட்டம் என்று உனக்குத் தெரியும்.

எலெக்சன் முடிந்த கையோடு ஒரு நாள் மூன்றும் ஒன்றாக வந்தது. பாண்காரனைக் காணவில்லை. சந்தியில் கடைகள் பாதிக் கதவு. கண்டி பஸ் வரவில்லை என்று தம்பிராசா மூச்சு வாங்க வாங்கச் சைக்கிளில் வந்து சொன்னார். சட்டம் சட்டம்தானே. அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைப் பெரியம்மா துணியில் சுற்றித் தூக்கினா, நான் அலுமாரியில் இருந்த காணி உறுதிகளையும் முழங்கால் வாதக்காரி இருக்க ஒரு கதிரையையும் தூக்கினேன், உன் அம்மா ஒன்றையும் தூக்காமல் முகத்தைக் கழுவிப்போட்டு வந்தா. நான் கதிரையோடு ஓடுவதைப் பார்த்து முன்வீட்டார் ஓடினார்கள், அவர்களைப் பார்த்து அடுத்த ஒழுங்கை ஓடியது, ஒழுங்கை ஓடுவதைப் பார்த்துச் சந்திக் கடைகள் மிச்சப் பாதிக் கதவையும் போட்டன, கடை முழுக்கப் பூட்டியதைப் பார்த்து சந்தைச் சனமும் கோயிலை நோக்கி வந்தது. கோயிலுக்குள் யாரோ ஒருவருடைய அடக்கப் பூசை நடந்துகொண்டிருந்தது. ஓடி வந்த நாங்கள் எல்லோரும் பின்பக்க வாங்குகளில் இருந்து முன்பின் தெரியாத ஒருவருக்காக அழுதோம். செத்தவரின் மனைவி திரும்பித் திரும்பிப் பார்த்தா, தன் புருஷனுக்கு இவ்வளவு சனம் வருமென்று பாவம் அவ நினைத்திருக்க மாட்டா. பூசை முடிந்ததும் சுவாமியார் வந்து, "ஆர் உங்களுக்குச் சொன்னது" என்று கேட்டார். ஆளை ஆள் காட்டிக் காட்டி விரல் கடைசியில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் இருந்த என்னிடம் வந்து நின்றது. விசாரித்தால், மழைக்குப் பாண் போடுகிற பேக்கரியின் புகைக்கூடு விழுந்திருக்கிறது. தூவானம் அடிக்கிறதென்று கடைக்காரர் பாதிக் கதவு போட்டிருக்கிறார்கள். தம்பலகாமத்தில் றோட்டுக்குக் குறுக்கே யானை நின்றதால் கண்டி பஸ் நின்றிருக்கிறது. யானைக்கு எங்களிடம் சட்டம் இல்லை.

சிரிப்பாய் என்று தெரியும். ஆனால் அன்று பின்னேரம் ஜினதாச வந்தான். எங்கள் பின்வளவுக்காரன், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன், என்னோடு வேலை செய்த காலத்திலிருந்தே ஐயா ஐயா என்று மரியாதையாக இருக்கிறவன். முகம் வெளிறிப் போயிருந்தது. "ஐயா, நீங்க ஓடினதப் பாத்துட்டு நாங்க புள்ளைகளக் கூட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ இருந்தது. உங்க ஆக்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு எண்டு நெனச்சது. இனி ஓடினா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்களுக்கும் பயந்தானே" என்றான். சிங்களவனான அவனுக்கு என்ன பயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பயப்பட வேண்டியவர்கள் தமிழராகிய நாங்கள்தான், அது எங்கள் பக்கத்துச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். அதில் சட்டமே இல்லை, பழக்கம்தான் என்றாய். மூளையில் இருக்கிற நரம்புகள் மாதிரி கொஞ்சப் பேரை வைத்து, ஒவ்வொருவருடைய சொல்லுக்கும் ஒரு பாரம் கொடுத்து, எல்லோருடைய சொல்லையும் பாரத்தோடு கூட்டிப் பார்த்து முடிவெடுப்பது. சொன்னது சரி வந்தால் பாரத்தைக் கூட்டுவது, பிழைத்தால் குறைப்பது. நாளாக ஆக அது தானாகவே படித்துக்கொள்ளும். எனக்கு இது பிடித்துக்கொண்டது. புளியங்கொட்டையைப் பாரமாக வைத்து, பெரியம்மா, தம்பிராசா, கனகம்மா, கிண்ணியாவிலிருந்து கருவாடு கொண்டுவருகிற கலீலுர் றஹ்மான் நாநா ஆகிய நான்கு பேரையும் நரம்புகளாக நியமித்தேன். காலையில் கேட்பேன், இன்றைக்குப் பிரச்சினை வருமோ வராதோ என்று. இரவு சாப்பாட்டுக்கு முன் கொட்டையைக் கூட்டிக் குறைப்பேன்.

பெரியம்மா ஒவ்வொரு நாளும் 'வரும்' என்றா. ஒவ்வொரு நாளும் கொட்டை இழந்தா. கடைசியில் அவவிடம் ஒன்றும் இல்லை, என்ன சொன்னாலும் கணக்கில் சேராது என்று நான் விளக்கியபோது, "அது கலியாணம் கட்டின நாளில இருந்தே அப்பிடித்தானே" என்று எழும்பிப் போய்விட்டா. தம்பிராசா 'பாப்பம்' என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. றஹ்மான் நாநா கிண்ணியாத் துறையைக் கடக்கிற பாதைப் படகில் சனம் எப்படி ஏறுகிறது என்பதைப் பார்த்துச் சொல்வார், ஒரு நாள் பாதையில் பாதிச் சனம்தான் வந்தது என்று 'வரும்' என்று சொல்லிக் கொட்டையை இழந்து, அன்று அக்கரையில் கலியாணம் என்று அடுத்த நாள்தான் தெரிந்து என்னோடு மனத்தாங்கல். கனகம்மா மட்டும், "எனக்கு மரக்கறி விக்க வேணும், அதால ஒண்டும் வராது" என்று தினமும் சொல்லிக் கொட்டையால் மடியை நிரப்பினாள். மழையில் வாரம் போய்க்கொண்டிருந்தது. என்னுடைய மெஷின் 'ஒன்றும் வராது, ஒன்றும் வராது' என்று ஒவ்வொரு நாளும் சொன்னது, ஒவ்வொரு நாளும் சரியாக இருந்தது. பிழையே விடாத மெஷின். இதைக் கண்டுபிடித்த பெருமையை உன் பேராசிரியருக்கு எழுதச் சொல்ல வேண்டும் என்று தம்பிராசாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. அவ பொதுவாக என் ஆராய்ச்சிகளுக்குள் வருகிறதில்லை. தலை நிமிராமலே சொன்னா: "அத்தான், இந்த வீட்டில உப்பிடி ஒருத்தர் இருந்தவர். ஒவ்வொரு நாளும் ஒண்டும் வராது எண்டு சொல்லுவார். ஒவ்வொரு நாளும் சரியாத்தான் சொன்னவர்."

தம்பிராசா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிறிஸ்தோபர், உன் அப்பா போன நாளின் கதை உனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், நீ அப்போது கண்டியில் படித்துக்கொண்டிருந்தாய். பாண்காரன் வரவில்லை. 'ஒண்டும் வராது மச்சான், நான் சந்தி மட்டும் போய்ப் பாணை வாங்கிக்கொண்டு வாறன்' என்று உன் அப்பா சேர்ட்டின் பொத்தானைக் கூடப் போடாமல் படலையைத் திறந்தார். நல்ல மனிசன். பயப்படத் தெரியாத மனிசன். என்னுடைய புளியங்கொட்டைக் கணக்கில் அவரைப் போட்டிருந்தால் எங்கள் எல்லோரையும்விட அவரிடம்தான் கூடுதலாக இருந்திருக்கும். கொட்டைகளைக் கூட்டியள்ளிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன், அடுத்த நாள் பெரியம்மா அதை வறுத்துவிட்டா.

மூன்றாவது, தேடுகிற வழி. செஸ் விளையாடுகிற மெஷின் அப்படித்தான் யோசிக்குமாம். நான் இதை நகர்த்தினால் அவன் எதை நகர்த்துவான், அதற்கு நான் எதை, என்று மரம் மாதிரிக் கிளை விட்டுப் பார்த்து, எதிராளி எப்போதும் எனக்கு ஆகக் கெட்டதையே செய்வான் என்று வைத்துக்கொண்டு, அதற்குள் குறைந்த கெடுதலைத் தெரிவுசெய்யுமாம். தம்பிராசாவுக்குச் செஸ் தெரியாது. "நாயும் புலியும் மாதிரியோ" என்று கேட்டார், ஓம் என்றேன். "அப்ப இதில நாங்கள் நாயோ, புலியோ" என்றார். குசினியிலிருந்து பெரியம்மா ஓடிவந்து, "உந்தச் சொல்லை மெல்லமாச் சொல்லுங்கோ அண்ணை, றோட்டில ஆக்கள் போகினம்" என்றா. அதற்குப் பிறகு அவர் அந்த மிருகத்தைப் 'பெரியது' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விறாந்தைச் சீமெந்தில் சோக்கால் மரத்தைக் கீறினோம். யாழ்ப்பாணத்துக்குப் போவது ஒரு கிளை, அங்கே போன வருஷம் நூல்நிலையத்தையே எரித்தது தெரியும், அந்தக் கிளையை வெட்டினோம். கிண்ணியாவுக்குப் போய் றஹ்மான் நாநா வீட்டில் இருப்பது ஒரு கிளை, பிரச்சினை என்றால் முதலில் இறங்குதுறையில் பாதையைத்தான் கட்டி வைத்துவிடுவார்கள், அதையும் வெட்டினோம். கோயிலுக்கு ஓடுவது, அதை ஒரு தடவை பார்த்தாயிற்று. வெட்ட வெட்ட, உயிரோடு முடிகிற ஒரே ஒரு கிளை மிஞ்சியது. அது எங்கள் பங்குக் கிணற்றடியால் போனது.

நீ குளித்து வளர்ந்த கிணறுதான். எங்கள் வளவுக்கும் ஜினதாசவின் வளவுக்கும் நடுவில். இரண்டு பக்கத்து வேலியும் கிணற்றுக் கட்டோடு நின்றுவிடும், பாதிக் கிணறு எங்களுக்கு, பாதி அவர்களுக்கு, பக்கத்துக்கொரு கப்பி, பக்கத்துக்கொரு வாளி. எழுபத்தேழில் உன் அம்மா அங்கே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜினதாசவின் மனைவி குசுமா அந்த இடைவெளியால் ஓடிவந்து, சவர்க்கார நுரையோடேயே அவவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் குசினி விறகுக்குப் பின்னால் இருத்தினாள். அந்த ஈரக் கால் தடத்தைப் பார்த்துத்தான் நானும் பெரியம்மாவும் பின்னால் போனோம். ஜினதாச முன்வாசலில் இருந்து தேங்காய் உரித்தபடி, எங்களைத் தேடி வந்தவர்களிடம் இங்கே ஒருவரும் இல்லை என்று சொன்னான். ஆகவே மரத்தின் முடிவு நல்ல முடிவுதான். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் தம்பிராசா சோக்கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆட்டத்தில ரெண்டு பக்கந்தானே எண்டு பெடியன் எழுதியிருக்கிறான். அப்ப ஜினதாச எந்தப் பக்கம்?"

நாங்கள் பின்னேரத் தேத்தண்ணி ஆறும் மட்டும் அதைக் கதைத்தோம். எங்கள் பக்கம் என்று போட்டால், அவன் ஆட்கள் கேட்டால் அவன் என்ன செய்வான்? நடுவில் என்று போட ஆட்டத்தில் இடம் இல்லை. கடைசியில், கணக்குக்காக மட்டும், வெறும் கணக்குக்காகத்தான், மற்றப் பக்கத்தில் போட்டோம். போட்ட பிறகு உன் சட்டப்படி அவன் எங்களுக்கு ஆகக் கெட்டதைச் செய்வான் என்று வைக்க வேண்டும். பின்வளவில் இருந்துகொண்டு எங்களுக்குச் செய்யக்கூடிய ஆகக் கெட்டது எது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிணற்றைப் பார்த்தோம். ஒரு சிட்டிகை நஞ்சு போதும். அடுத்த நாள் காலையில் எங்கள் பக்கத்து வாளியையும் கயிற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குத் தெருப் பைப்பில் தண்ணீர் எடுப்போம் என்று வீட்டில் சொன்னேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. அன்றிலிருந்துதான் அவவுக்கு என்னோடு கதை இல்லாமல் போனது.

குசுமா கட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, ஏன் ஐயா வாளி இல்லை என்று கேட்டாள். கயிறு உக்கிப்போச்சு என்றேன். புதுக் கயிறு தருகிறேன் என்றாள். வேண்டாம், தண்ணீர் மணக்கிறது என்றேன். ஒரு பொய்யோடு நிறுத்தத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. பின்னேரம் ஜினதாச வந்து கிணற்றுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தான், ஒரு கை தண்ணீரை அள்ளி மணந்து பார்த்தான், குடிக்காமல் ஊற்றினான். அடுத்த நாள் தெருப் பைப்படியில் எனக்குப் பின்னால் குடத்தோடு குசுமா நிற்கிறாள். மாரி மழைக்குக் கட்டுமட்டும் நிரம்பின கிணற்றை நடுவில் விட்டுவிட்டு, இரண்டு வீட்டாரும் குடையைப் பிடித்தபடி நகரசபைப் பைப்பில் நூல் மாதிரி வழிகிற தண்ணீருக்குக் காத்து நின்றோம். இதில் என் புத்தியைக் கேள். அவர்கள் கிணற்றில் அள்ளாமல் விட்டது சந்தேகம் தருகிற அடையாளம் என்று அதையும் ஒரு சட்டமாகச் சேர்த்தேன். அவர்கள் எங்களைப் பார்த்து நிறுத்தினார்கள், நாங்கள் அவர்கள் நிறுத்தியதைப் பார்த்துப் பயந்தோம். உங்கள் மெஷினும் இப்படித் தன் நிழலைத் தானே பார்த்துக் குரைக்குமோ என்று உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது.

உன் அம்மாதான் இதை முடித்துவைத்தா. பைப்படியில் இருந்து வந்து குடத்தை இறக்கிப்போட்டு, அவ்வளவு நாளும் கதைக்காதவ, நேரே என்னிடம் வந்து கேட்டா: "அத்தான், அவன்ர மெஷினுக்குப் பயம் இருக்கோ?" இல்லை என்றேன். "அப்ப அது ஆரை எந்தப் பக்கத்தில போட்டாலும் அதுக்கு ஒண்டும் இல்லை. எனக்கு குசுமாவின்ர முகத்தைப் பாக்க வேணும்" என்றா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே வாளியைக் கட்டினேன், ஜினதாசவையும் குசுமாவையும் கூப்பிட்டேன், அவர்கள் பார்த்திருக்க ஒரு வாளி அள்ளி ஒரு செம்பு நிறையக் குடித்து, இன்னொரு செம்பும் குடித்து, வாயைத் துடைத்து, பாருங்கோ தேன் மாதிரித் தண்ணீர், எல்லாம் என்னுடைய விசர் என்று சொல்லிச் சிரித்தேன். ஜினதாசவும் சிரித்தான். "சரி ஐயா, சரி ஐயா" என்றான். குசுமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள், அடுப்பில் ஏதும் இருந்திருக்கும். நேற்று நடந்தது இது. மூன்று வழியும் முடிந்து வீடு பழையபடி ஆகிவிட்டது. உன் அம்மா கூட இரவு எனக்குச் சோறு போட்டுவிட்டு, குழம்பு உப்போ என்று கேட்டா.

ஆகவே உன் கேள்விக்கு என் முடிவு. சட்டம் கோயிலுக்கு ஓடச் சொன்னது, புளியங்கொட்டை ஒன்றும் வராது என்றது, சோக்குமரம் கிணற்றடியால் போகச் சொன்னது. முதல் இரண்டையும் தள்ளு. மூன்றாவது சொன்னதை எழுபத்தேழிலேயே ஒரு தடவை பரீட்சித்துப் பார்த்திருக்கிறோம், அந்த வழி திறந்துதான் கிடக்கிறது. ஸ்கொட்லாந்தில் அவவுக்குப் பின்வளவும் இல்லை, ஓடிவந்து கையைப் பிடிக்க ஆளும் இல்லை. அவ எங்களோடேயே இருக்கட்டும். டிக்கெற் அனுப்ப வேண்டாம். நன்றாகச் சாப்பிடு. பூசையைத் தவறவிடாதே. இரவில் கூடுதலாகக் கண் விழிக்காதே. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியையும் இப்போதைக்குப் பார்க்காதே, பார்த்தால் எனக்கு முதலில் எழுது, பெரியம்மாவுக்கு நான் பதமாகச் சொல்லுகிறேன். அந்தோனியார் உன் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நிற்பாராக. தம்பிராசா தன் அன்பைச் சொல்லச் சொன்னார், நாயும் பெரியதும் விளையாட ஒரு செஸ் பலகை கிடைத்தால் அனுப்பவும் சொன்னார்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும் பெரியப்பா,
நிக்கலஸ்

பி.கு. (8.11.1982): ஒட்டுவதற்கு முன் ஓரத்தில் எழுதுகிறேன், இடம் போதாது, எழுத்தைப் பொறுத்துக்கொள். இன்று காலை உன் அம்மா கிணற்றடியில் நின்று கூப்பிட்டா. போய்ப் பார்த்தால் ஜினதாசவின் குசினிக் கதவில் பூட்டு. அவர்கள் பக்கத்து வாளியும் இல்லை, கயிறும் இல்லை, கப்பியையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். விடியற்காலையில் லொறி வந்து சாமான் ஏற்றினார்களாம், குசுமாவின் தாய் வீட்டுப் பக்கமாம், திரும்பி வருகிற பயணம் இல்லையாம். லொறியில் ஏறும்போது ஜினதாச முன்வீட்டாரிடம் சொன்னானாம்: "நிக்கலஸ் ஐயா எங்களக் கூப்பிட்டு அந்தத் தண்ணியைக் குடிச்சிக் காட்டினது. நல்ல தண்ணியை ஆரும் குடிச்சிக் காட்ட மாட்டாங்கதானே." நான் அதைக் கேட்டு அப்படியே கிணற்றுக் கட்டிலேயே இருந்துவிட்டேன். உன் அம்மா அழவில்லை. பூட்டைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சொல்லாமல் போயிட்டாள் அத்தான்" என்றா. பிறகு, "அவனுக்கு எழுதுங்கோ, நான் வாறன் எண்டு" என்றா. ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வாசி. டிக்கெற்றைக் கெதியாக அனுப்பு. எங்களைப் பற்றி யோசிக்காதே, எங்களுக்குத் தண்ணீருக்குக் குறைவில்லை. கிணறு இப்போது முழுக்க எங்களுடையது.